வீட்டிலேயே லூர் (தூண்டிலில் மாட்டும் செயற்கை இரை) அச்சு செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

முட்டுக்காடு பக்கம் தூண்டில் போடுபவன்:

கடையில் விற்கும் சாஃப்ட் லூர்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுத் தண்ணீரை மனதில் வைத்துச் செய்தவை. நம் கழிமுகத்தில் கொடுவா துரத்துவது மடவைக் குஞ்சையும் இறாலையும். மடவைக்கு உருண்ட உடம்பு, மழுங்கிய தலை. அந்த வாகு கடையில் அமையவில்லை, அதனால்தான் அச்சு வேலையில் இறங்கினேன்.

கல்யாண முருங்கைக் கட்டையில் மடவையைச் செதுக்கி, வயிற்றுப் பக்கத்தை மட்டும் தட்டையாக விட்டு, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்தேன். தட்டைப் பக்கத்தை டைல்ஸ் துண்டில் ஒட்டி, சுற்றி அட்டைக் கரை கட்டி, எல்லாவற்றுக்கும் மெல்லிசாக வாசலின் தடவினேன். பிறகு பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்). தண்ணீர் ஒரு பங்கு, தூள் இரண்டு பங்கு. தூளைத்தான் தண்ணீரில் தூவ வேண்டும். முதல் பூச்சைத் தூரிகையால் தடவி, மிச்சத்தை ஊற்றி, டைல்ஸைத் தட்டிக்கொண்டே இருந்தால் காற்றுக்குமிழி மேலே வந்துவிடும். கலவை சூடாகி இறுகும். அந்தச் சூடு தணிந்ததும் பிரிக்கலாம்.

அதன்பின் காயவிடுவதுதான் உண்மையான வேலை. மேலே கையால் தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. நான் தராசை நம்புகிறேன்: தினமும் நிறுப்பேன், எடை குறைவது நின்றால்தான் அடுத்த வேலை. பிறகு நீர் கலந்த ஃபெவிகால் இரண்டு பூச்சு. ஈரம் இருந்தால், லூர் வார்க்க ஊற்றும் சூடான பிளாஸ்டிசாலுக்கு (திரவ பிளாஸ்டிக்) அடியில் நீராவி கிளம்பி, லூர் முழுக்கப் பொத்தல் விழும்.

பிளாஸ்டிசால் முதலில் பால்போல இருக்கும், சூடேற ஏற கூழாகும், 175 டிகிரி செல்சியஸ் வாக்கில் தெளிந்து ஓடும். அதுதான் ஊற்றும் பதம். மஞ்சளித்தால் கருகுகிறது என்று பொருள். அது பிவிசி என்பதால் கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வரும், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. மொட்டைமாடி, தனிப் பாத்திரம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

முதலில் வந்த மடவையைத் தண்ணீரில் இழுத்து அதன் வால் ஆடியதைப் பார்த்த சந்தோஷம் இருக்கிறதே, கொடுவா கடித்தபோதுகூட அவ்வளவு இல்லை!

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணே, ஈரத்தைப் பற்றி நீங்கள் சொன்னது ஜிக் ஹெட் (முள்ளோடு சேர்ந்த ஈயத் தலை) வார்ப்பவர்களுக்கு இன்னும் முக்கியம். பாறை மீனுக்குப் போட நான் ஈயத்தில் வார்க்கிறேன். ஈயம் உருகுவதே 327 டிகிரியில். அந்தச் சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும். உருகிய ஈயம் அப்படியே முகத்துக்குத் தெறிக்கும். எங்கள் தெருவில் ஒருவர் கையில் அந்தத் தழும்பை இன்றைக்கும் பார்க்கலாம்.

ஈயத்துக்கு அச்சு இரண்டு பாதியாக வேண்டும். முதல் பாதி இறுகியதும் ஓரத்தில் இரண்டு குழி தோண்டி வாசலின் தடவி, அதன்மேல் மறுபாதியை ஊற்றினால் இரண்டும் பிசகாமல் பூட்டிக்கொள்ளும். தூண்டில் முள்ளுக்கும் ஈயம் ஊற்றும் வாய்க்கும் வழி விட மறக்காதீர்கள். சாஃப்ட் லூர் வளைந்து கொடுத்து வெளியே வந்துவிடும், ஈயம் வளையாது. அதனால் அச்சுக்குள் கொக்கி போட்ட மாதிரி எந்த மடிப்பும் இருக்கக் கூடாது.

பழைய வலை ஈயக்குண்டு போதும். பேட்டரி ஈயத்தைத் தொடாதீர்கள், அதில் அமிலமும் இருக்கிறது, உருக்கினால் விஷ வாயுவும் வரும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஈய வேலையே வேண்டாம் என்பேன்.

நாகர்கோவிலிலிருந்து:

நான் சிலிகான் ரப்பரில் அச்சு எடுக்கிறேன். செலவு கூடுதல்தான், ஆனால் செதில் கோடுவரை அப்படியே பதியும், காயவைக்கும் தொல்லையும் இல்லை. மூல உருவம் பளபளப்பாக இருந்தால் லூரும் பளபளக்கும், பிஓபியில் அந்தப் பளபளப்பு வருவது கடினம். ஹார்டனரைக் (ரப்பரை இறுக வைக்கும் மருந்து) கண்ணளவில் ஊற்றாதீர்கள், டப்பாவில் சொன்ன விகிதத்தில் நிறுத்துப் போடுங்கள். சிலிகான் பிளாட்டினம் வகை என்றால் கந்தகம் கலந்த களிமண் பட்ட இடத்தில் இறுகவே இறுகாது, பிசுபிசுவென்று நிற்கும்.

கிழிந்த சாஃப்ட் லூரைக் குப்பையில் போடாமல் நிறம் பிரித்து வையுங்கள், மறுபடி உருக்கி ஊற்றலாம். ஆனால் எல்லா ரப்பர் லூரும் பிவிசி இல்லை. நன்றாக இழுபடும் டிபிஇ என்ற வேறு வகை ரப்பரைப் பிவிசியோடு கலந்தால் ஒன்றோடொன்று சேராது, இரண்டும் வீண்.