கணவன் அடியும் மனைவியின் புகையிலையும்: என்எஃப்ஹெச்எஸ்-5 தரவில் ஒரு சந்தேகம்

நிலா_எம்பிஹெச்
ஆய்வேட்டுக்கு என்எஃப்ஹெச்எஸ்-5 (தேசிய குடும்ப நல ஆய்வு, 2019–21) பெண்கள் கோப்பை எடுத்திருக்கிறேன். கணவனிடம் அடிபட்ட பெண்களிடம் புகையிலைப் பழக்கம் கூடுதலா என்பதுதான் கேள்வி. கோப்பில் 7,24,115 பேர் இருக்கிறார்கள், ஆனால் வன்முறைக் கேள்விகளில் பெரும்பாலானோருக்குக் காலி. அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளலாமா? தொடர்பு வந்தால், அடியால்தான் பழக்கம் வந்தது என்று எழுதலாமா?

எண்ணும்எழுத்தும்
முதல் கேள்விக்கு: கூடவே கூடாது. வன்முறைப் பகுதியைத் தேர்ந்தெடுத்த சில வீடுகளில் மட்டும், வீட்டுக்கு ஒரே ஒரு பெண்ணிடம், தனிமை கிடைத்தால்தான் கேட்டார்கள். காலி என்றால் கேட்கப்படவில்லை. 'இல்லை' என்று நிரப்பினால் அடிபட்டவர்கள் பலர் அடிபடாதவர் பக்கம் போய்விடுவார்கள், தொடர்பு மங்கிவிடும்.

(இனி வி, டி என்று வருவதெல்லாம் கோப்பில் உள்ள மாறிகளின் பெயர்.) வி044 = 1 உள்ளவர்களை, அதாவது வன்முறைப் பகுதிக்குத் தேர்வாகிப் பதில் சொன்னவர்களை, மட்டும் வையுங்கள். எடை பொதுவான வி005 அல்ல, வன்முறைப் பகுதிக்கான டி005. 10,00,000-ஆல் வகுக்க வேண்டும். கொத்து வி021, அடுக்கு வி023. டி106, டி107 (உடல்), டி108 (பாலியல்) மூன்றில் ஏதாவது ஒன்று 'ஆம்' என்றால் 1.

இன்னொன்று: புகையிலை விளைவாக இருந்தால் ஆட்ஸ் ரேஷியோ (இரு குழுவின் 'ஆம்'-க்கு-'இல்லை' கணக்கை ஒப்பிடும் விகிதம்) போதும், பெண்களிடம் அது அரிது. வன்முறையை விளைவாகத் திருப்பினால் 18–49 வயதில் திருமணமானவர்களில் சுமார் 29% பேர் அதில் வருகிறார்கள்; அங்கே ஆட்ஸ் ரேஷியோ ஊதிப்போகும். ரோபஸ்ட் வேரியன்ஸோடு (பிழையளவைத் திருத்தி) பாய்ஸான் மாதிரி போட்டுப் பரவல் விகிதம் (இரு குழுவின் சதவீதங்களை ஒப்பிடுவது) எடுங்கள்.

வேப்பமரத்தடி
இரண்டாவதுக்கு: ஒரே நாளில் கேட்ட தரவு, எது முந்தியது என்று சொல்லாது. 'கடந்த 12 மாதத்தில்' என்று சுருக்கினாலும் தீராது. பழக்கம் அதற்கு முன்பே இருந்திருக்கலாம்.

அதைவிடப் பெரிய வில்லன் பொதுக் காரணங்கள், அதாவது அடி, பழக்கம் இரண்டையும் சேர்த்தே கூட்டக்கூடியவை. கணவனின் குடி (டி113, டி114), அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்தது (டி121), வீட்டு வசதி (வி190) மூன்றையும் சேருங்கள். டி121-ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். 1998-ல் ஃபெலிட்டி, ஆண்டா குழு சான் டியாகோவில் செய்த சிறுவயதுக் கொடுமை ஆய்வில், 7 வகையில் நான்கோ அதற்கு மேலோ பட்டவர்களிடம் புகைபிடித்தல் உட்பட சில கேடுகள் 2 முதல் 4 மடங்கு கூடியிருந்தன. அந்த 7-ல் அம்மா அடிபட்டதும் ஒன்று. மனச்சோர்வுக்கு இந்தக் கோப்பில் அளவீடே இல்லை, குறைபாடுகளில் அதைச் சொல்லிவிடுங்கள்.

தலைப்பில் 'புகைபிடித்தல்' வேண்டாம். நம் பெண்களிடம் வெற்றிலையோடு போடுவது, மெல்லுவதுதான் அதிகம்.

வார்டு_ஏழு
நீங்கள் கேட்காதது, ஆனால் பரிந்துரைப் பகுதியில் தேவைப்படும். 'புகையிலை நிறுத்தும் மையத்துக்கு அனுப்பலாம்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். கணவன், மாமியார் கூட இருக்கும்போது வன்முறை பற்றிக் கேட்பது ஆபத்து, மருத்துவச் சீட்டிலும் எழுதக்கூடாது. தனியாக இருக்கும்போது கேளுங்கள், 181 எண்ணை (பெண்கள் உதவி எண்) வாயால் சொல்லுங்கள். கணவனே சிகரெட்டை நிறுத்துகிறார் என்றால் எரிச்சல் ஒரு நாளுக்குள் தொடங்கி முதல் வாரத்தில் உச்சம், 2–4 வாரம் நீடிக்கும். எழுந்த 30 நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு நிகோடின் கம் 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. அளவு குறைந்தால் எரிச்சல் அடங்காது. அதற்காக எரிச்சலை அடிக்குச் சாக்காக எழுதிவிடாதீர்கள்.

நிலா_எம்பிஹெச்
மிக்க நன்றி. கணவனின் பீடி, சிகரெட் விவரம் எங்கே எடுப்பது?

எண்ணும்எழுத்தும்
மனைவியிடம் அவர் குடியைத்தான் கேட்டார்கள். தம்பதியர் கோப்புக்குப் போங்கள், அங்கே அவரே சொன்ன பதில் இருக்கும். எண்ணிக்கை சுருங்கும், மாநிலவாரியாக உடைக்காதீர்கள். அங்கேயும் எடை டி005 தான்.