அப்பா அம்மாவின் 40-ஆவது கல்யாண நாள்: ஃபிளையர் விருந்தா, கேபிள் கார் விருந்தா?

புங்கோல் மகள்:
வணக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்த மாதம் மன்னார்குடியிலிருந்து வருகிறார்கள். இங்கே இருக்கும்போதே அவர்களுடைய கல்யாண நாளும் வருகிறது. சிங்கப்பூரை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மாதிரி ஒரு நல்ல ராத்திரி விருந்து கொடுக்க ஆசை. சிங்கப்பூர் ஃபிளையர் என்கிற ராட்சத ராட்டினம், ஃபேபர் மலை கேபிள் கார், இரண்டிலுமே உள்ளே மேசை போட்டுப் பரிமாறுகிறார்களே, அதில் எதை எடுக்கலாம்?

அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. முழங்கால் வலி வேறு. அப்பாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுவார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எதைப் பார்த்தாலும் விவரம் கேட்பார். பணம் இதற்கென்றே சேர்த்து வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

தெம்பனிஸ் குமார்:
ஃபிளையர். கேபிள் கார் கேபினில் ஏசி கிடையாது, நம் ஊர்ப் புழுக்கத்தில் நல்ல உடை போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வியர்த்துவிடும். ஃபிளையரில் நாம் உட்காரும் கண்ணாடி அறை, அதாவது கேப்சூல், ஒரு பேருந்து அளவு, உள்ளே குளிர்ச்சி.

பரிமாறியவன்:
தங்கச்சி, நான் இந்த மாதிரி ஓடும் கேபின் விருந்துகளில் தட்டு ஏந்தியவன். இப்போது வேறு வேலை. படத்தில் தெரியாத சில விஷயங்களைச் சொல்கிறேன்.

சமையலறை தரையில் இருக்கிறது, விருந்தாளி மேலே இருக்கிறார். ஃபிளையர் 165 மீட்டர் உயரம், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம். கேப்சூல் கீழே மேடைக்கு வரும்போதுதான் அடுத்த உணவு உள்ளே போக முடியும். கேபிள் காரிலும் நிலையத்துக்குத் திரும்பி வரும்போதுதான் தட்டு கைமாறும். ஆகவே பசிக்கும் நேரத்தை ராட்டினம்தான் முடிவு செய்யும். அப்பா வழக்கம்போல மாத்திரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால், முதல் தட்டில் நாலு இலையும் ஒரு துண்டு தக்காளியும் வரும், வயிறு நிறையும் பதார்த்தம் வர அரை மணி ஆகலாம். சர்க்கரை இறங்கி, கை நடுங்கி வியர்த்துப்போன பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். மாத்திரையை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தட்டோடு ரொட்டி வைக்கச் சொல்லுங்கள். பையில் பிஸ்கட் இருக்கட்டும்.

கழிப்பறை உள்ளே இல்லை. ஏறுவதற்கு முன்னால் போய்விட்டு வரச் சொல்லுங்கள், சர்க்கரை உள்ளவர்களுக்கு இது முக்கியம்.

சைவம் என்றால் இங்கே மேற்கத்தியச் சமையல்காரர் இறைச்சியையும் மீனையும் விலக்குவார், அத்தோடு சரி. முட்டை இனிப்பில் வந்துவிடும். பன்னா கோட்டா என்கிற இத்தாலிய இனிப்பை உறைய வைப்பது ஜெலட்டின், அது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. வெள்ளையாக, பார்க்கப் பால்கோவா மாதிரி சாதுவாக இருக்கும். அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. அதனால் "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதாமல், "முட்டை, ஜெலட்டின் வேண்டாம்" என்று தனித்தனியாக எழுதி, மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

நேரம்: இங்கே வருடம் முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும். ஆறரை வாக்கில் ஏறுகிற மாதிரி இடம் கிடைத்தால் எடுத்துவிடுங்கள். பகல், அந்தி, விளக்கு மூன்றையும் பார்த்துவிடலாம். நன்றாக இருட்டிய பிறகு ஏறினால் உள்ளே எரியும் விளக்கு கண்ணாடியில் பிரதிபலித்து, ஊரைவிட நம் முகம்தான் அதிகம் தெரியும். 7.45-க்கு கார்டன்ஸ் பை த பே தோட்டத்தின் செயற்கைப் பெருமரங்களில் விளக்குக் காட்சி தொடங்கும், அப்போதும் மேலே இருந்தால் பார்க்க அழகு.

என் ஓட்டு ஃபிளையருக்கு. அது ஊர்ந்துகொண்டே இருக்கும்போதுதான் ஏற வேண்டும், ஆனால் வேகம் மிகக் குறைவு. அம்மாவின் முழங்காலைப் பற்றி முன்பே சொல்லிவிட்டால் கைகொடுப்பார்கள்.

டெலோக் பிளாங்கா பாட்டி:
நான் கேபிள் கார் ஓடத் தொடங்கிய 1974-லிருந்து அதன் அடியிலேயே வாழ்கிறவள். எனக்கு அதுதான் பிடிக்கும். மலையிலிருந்து இறங்கி, ஹார்பர்ஃபிரண்டில் ஒரு கட்டடத்துக்குள்ளேயே புகுந்து வெளியே வந்து, கடலைத் தாண்டி செந்தோசா தீவுக்குப் போகும். காலுக்குக் கீழே பயணக் கப்பல்கள் நிற்கும். இந்த அனுபவத்தை ராட்டினம் தராது.

ஆனால் அப்பா விவரம் கேட்பவர் என்கிறாய், 1983 பற்றியும் கேட்பார். அந்த ஆண்டு ஜனவரி 29 அன்று எண்ணெய் துளையிடும் கப்பலின் கோபுரம் கம்பியில் சிக்கி, இரண்டு கேபின்கள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மற்றவர்களை ராத்திரியில் ஹெலிகாப்டரில் கயிறு விட்டு மீட்டார்கள். மீட்புப் பணியை நடத்தியவர் அப்போது ராணுவக் கர்னலாக இருந்து பின்னாளில் பிரதமரான லீ சியன் லூங். அதற்குப் பிறகு கப்பலின் உயரத்தைக் கண்டறிய லேசர் கருவி வைத்துவிட்டார்கள். பயமுறுத்தவில்லை கண்ணு, தெரிந்துகொண்டு ஏறினால் பயம் குறையும்.

இடி மின்னல் வந்தால் கேபிள் காரை நிறுத்தி வைப்பார்கள். வானிலையைப் பார்த்துக்கொள்.

புங்கோல் மகள்:
பாட்டி, அண்ணா, ரொம்ப நன்றி. ஜெலட்டின் எனக்குத் தோன்றவே இல்லை. ஃபிளையரே எடுக்கிறேன். மழை இல்லாத ஒரு காலையில் கேபிள் காரில் வெறும் பயணமாக அழைத்துப் போகிறேன். மேலே போனதும் அப்பாவுக்கு எதைக் காட்டலாம்?

பரிமாறியவன்:
மன்னார்குடிக்காரருக்குத் தண்ணீரைக் காட்டுங்கள். கீழே தெரியும் மரினா விரிகுடா முன்பு உப்புக் கடல். 350 மீட்டர் நீளத்துக்கு மரினா அணையைக் கட்டி 2008-இல் திறந்தார்கள், ஒன்பது எஃகுக் கதவுகள். கடல் நீர் உள்ளே வராமல் தடுத்து, ஊர் மழையைத் தேக்கி, அதை நன்னீர்த் தேக்கமாக்கிவிட்டார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் இதைக் கேட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவார், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். அணைக்கு வெளியே வரிசையாக நிற்கும் கப்பல்களையும் காட்டுங்கள். பல கப்பல்கள் இங்கே எரிபொருள் நிரப்பத்தான் நிற்கின்றன, உலகிலேயே அதிகம் நிரப்பும் துறைமுகம் நம்முடையது.

அப்புறம், விலையில் கூட்டல் குறி இரண்டு போட்டிருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் தனி. இரண்டு பேருக்கே பல நூறு வெள்ளி ஆகும், மூன்று பேருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மேசையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். பெரியவர்கள் இருவரையும் விரிகுடாவைப் பார்க்க உட்கார வையுங்கள்.