ஜிடிஎக்ஸ் 1650 போட்டும் ஜிடிஏ 5 திக்கித் திக்கி ஓடுகிறது, கார்டு டூப்பா? அவசரம்

கருப்பட்டி_காபி:
வணக்கம். வீட்டு சிஸ்டத்தில் கேம் ஆடலாம் என்று செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டேன். ஜிடிஏ 5 உள்ளே போனதும் நன்றாகத்தான் ஓடுகிறது. காரை எடுத்து வேகமாகப் போனால் எதிரே ரோடே வருவதில்லை. கட்டடமெல்லாம் மொழுக்கென்று நிற்கிறது, அப்புறம் நாலைந்து நொடி திரை அப்படியே உறைந்துவிடுகிறது. ரெசல்யூஷனைக் குறைத்தும் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. ப்ராசஸர் ஐ5. கடையில் ஒரு வாரம்தான் டைம் கொடுத்தார்கள், நாளையோடு முடிகிறது. திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

கடைசி_பெஞ்ச்:
எந்த ஐ5? 2011-ல் வந்ததும் ஐ5தான், 2023-ல் வந்ததும் ஐ5தான். ராம் எவ்வளவு, மதர்போர்டு எது, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) எது, விண்டோஸ் 10-ஆ 11-ஆ?

அரைடிக்கெட்:
மானிட்டர் கேபிளை கார்டில் சொருகினீர்களா, போர்டிலா? சிரிக்காதீர்கள், இங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் போர்டில்தான் சொருகியிருப்பார்கள்.

சிலிக்கான்_சித்தர்:
ஜாதகத்தைக் கொடுக்காமல் பலன் கேட்கிறீர்கள் தம்பி. முழு கான்ஃபிகரேஷனும் போட்டுவிட்டுக் கேள்வி கேளுங்கள் என்று இங்கே எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது.

இருந்தாலும் சொல்கிறேன். பழைய சில்லின் பயாஸை, அதாவது கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதி, புதுக் கார்டின் பெயரில் விற்கிற கூட்டம் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெட்டியில் இருக்கும், உள்ளே 2010 காலத்து ஜிடிஎஸ் 450 இருக்கும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை இறக்கித் திறந்து பாருங்கள். போலி என்று கண்டுபிடித்துவிட்டால் பெயருக்கு முன்னாலேயே ஃபேக் என்று போட்டுவிடும். உண்மையான 1650-க்கு 896 ஷேடர் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) காட்ட வேண்டும். விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் வரும் பெயரை மட்டும் நம்பாதீர்கள், அது கார்டு சொல்வதைத்தான் திருப்பிச் சொல்லும்.

தூசிதட்டி:
சிஸ்டம் வாங்கி எத்தனை வருஷம்? ப்ராசஸர் மேல் தடவிய, சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து மாவாகப் போயிருக்கும். சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், உடனே கேம் திக்கும். ஃபேனைக் கழற்றித் தூசி தட்டி, புதுப் பேஸ்ட் போடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

கருப்பட்டி_காபி:
கேபிள் கார்டில்தான் இருக்கிறது. ஐ5 4570, எச்81 போர்டு, ராம் 8 ஜிபி, விண்டோஸ் 10. எஸ்எம்பிஎஸ் கேபினெட்டோடு வந்தது, 450 வாட் என்று எழுதியிருக்கிறது. அப்பா கடையில் பில் போட வைத்திருந்த சிஸ்டம். ஜிபியு-இசட்டில் 896 காட்டுகிறது, ஃபேக் என்று ஒன்றும் வரவில்லை. ஆடும்போது ப்ராசஸர் 68 டிகிரி, கார்டு 64. அப்படியென்றால் கார்டு ஒரிஜினல்தானே அண்ணா?

சிலிக்கான்_சித்தர்:
கார்டு ஒரிஜினல். சிக்கல் ப்ராசஸரில். 4570 என்பது 2013-ல் வந்தது, நான்கு கோர், நான்கே த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் ஓடும். இதில் 1650-ஐ மாட்டினால் ப்ராசஸர் கார்டுக்கு ஈடுகொடுக்காமல் பாட்டில்நெக் வராமல் என்ன வரும்? வாங்கும் முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜியான்_பிரியன்:
சித்தர் சொல்வது சரிதான், ஆனால் அதற்குத் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உங்கள் போர்டில் ப்ராசஸர் உட்காரும் அதே எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் ஜியான் இ3 1231 வி3 என்ற சர்வர் ப்ராசஸர் உட்காரும். நான்கு கோர், எட்டு த்ரெட். பழைய சர்வர்களிலிருந்து கழற்றி விற்கிறார்கள். ஐ7 4770 கேட்கும் விலையை இது கேட்காது. போர்டின் பயாஸை மட்டும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

கடைசி_பெஞ்ச்:
ஜியான் இ3 1231-இல் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதையும் சொல்லுங்கள் ஜி. நாளைக்குக் கார்டு கெட்டால் திரை இருட்டாகத்தான் இருக்கும். 4570-இல் என்றால் அப்பா பில்லாவது போடலாம்.

ஜியான்_பிரியன்:
கார்டு ஏன் கெடப்போகிறது?

தூசிதட்டி:
68 டிகிரி பரவாயில்லை. இருந்தாலும் ஒருமுறை தட்டிவிடுங்கள்.

வால்பாறை_மழை:
இரண்டு கேள்விகள். கேம் இருப்பது ஹார்ட் டிஸ்க்கிலா, எஸ்எஸ்டியிலா (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்)? நீங்கள் இறக்கியது எந்த ஜிடிஏ 5? 2015-ல் கணினிக்கு வந்த பழைய பதிப்பு ஒன்று, 2025 மார்ச்சில் வந்த என்ஹான்ஸ்டு என்ற பதிப்பு ஒன்று. வாங்கியவர்கள் கணக்கில் இரண்டுமே இருக்கும்.

ரெசல்யூஷனைக் குறைத்தும் மாற்றமில்லை என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். கார்டு திணறினால் ரெசல்யூஷன் குறைந்ததும் கொஞ்சமாவது இலகுவாகும். அதனால் கார்டைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

ஈபி_வந்தாச்சு:
யாருமே எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றிப் பேசவில்லையே. கேபினெட்டோடு வரும் 450 வாட் என்பது ஸ்டிக்கரில் மட்டும்தான். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள், அதை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் உண்மைக் கணக்கு. இவர் அதை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் காசுக்குக் கேடு.

கடைசி_பெஞ்ச்:
பவர் பற்றாவிட்டால் சிஸ்டம் ஆஃப் ஆகும், இல்லாவிட்டால் ரீஸ்டார்ட் ஆகும். ரோடு காணாமல் போகாது. 1650 இழுப்பது 75 வாட், 4570-க்கு 84 வாட் கணக்கு. மீதி எல்லாம் சேர்த்தாலும் 250-ஐத் தொடாது.

ஈபி_வந்தாச்சு:
இன்றைக்கு ஆஃப் ஆகவில்லை. மே மாதம் தெருவில் எல்லா ஏசியும் ஓடி வோல்டேஜ் இறங்கும்போது பாருங்கள்.

கருப்பட்டி_காபி:
என்ஹான்ஸ்டு என்றுதான் போட்டிருக்கிறது. எபிக் ஆன்லைன் ஸ்டோரில் 2020-ல் இலவசமாகக் கொடுத்தபோது அண்ணன் எடுத்து வைத்த கணக்கு. இரண்டு இருந்தன, புதுசுதானே நன்றாக இருக்கும் என்று அதை இறக்கினேன். ஹார்ட் டிஸ்க் 1 டிபி, சிஸ்டத்தோடு வந்தது. எஸ்எஸ்டி இல்லை.

வால்பாறை_மழை:
அதுதான் விஷயம். என்ஹான்ஸ்டு பதிப்புக்கு கேமைத் தயாரித்தவர்கள் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தேவையிலேயே ஐ7 4770, எஸ்எஸ்டி கட்டாயம், ராம் 8 ஜிபி டூயல் சேனல் (இரண்டு ஸ்லாட்டில் ஜோடியாக) என்று இருக்கிறது. உங்கள் கார்டு அந்த வரம்பில் தேறிவிடும். ப்ராசஸரும் டிஸ்க்கும் இடிக்கிறது, ராம் ஒரே ஸ்லாட்டில் இருந்தால் அதுவும் இடிக்கும்.

ஜிடிஏ ஊரை முழுதாக ராமில் ஏற்றி வைப்பதில்லை. நீங்கள் போகப் போக, முன்னால் வரும் தெருவை டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். மெதுவாக நடந்தால் ஹார்ட் டிஸ்க் ஈடுகொடுக்கும். காரில் பறந்தால் டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடித் தேடி எடுப்பதற்குள் நீங்கள் அந்தத் தெருவுக்கே போய்விடுவீர்கள். ரோடு வராதது அதனால்தான். உறைந்து நிற்பது வேறு. ராம் நிரம்பிவிட்டது, விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில் இறக்கி ஏற்றுகிறது. ஒரே டிஸ்க்குக்கு இரண்டு வேலை.

சரிபார்க்க ஒரு வழி: கேமை விண்டோவில் ஓடவிட்டு, பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் வையுங்கள். உறையும் நொடியில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும், கார்டு சும்மா இருக்கும் என்று நினைக்கிறேன். மெமரியைக் கிளிக் செய்தால் எத்தனை ஸ்லாட்டில் ராம் இருக்கிறது என்றும் சொல்லும்.

சிலிக்கான்_சித்தர்:
டிஸ்க்கும் ஒரு காரணமாக இருக்கலாம். ப்ராசஸர் பாட்டில்நெக் என்று நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது, அவர்களே 4770 கேட்கிறார்கள் பாருங்கள். இன்னொன்று, ஈபி நண்பர் சொல்வதைக் கேட்டு நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதில் ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் சுற்று) இருக்கும். வீட்டில் இருக்கும் சாதாரண 600 விஏ யூபிஎஸ் கரண்ட் போனதும் ஈபி கரண்ட் போல வழுவழுப்பான சைன் வேவ் கொடுக்காது, படிப்படியான அலையைத்தான் கொடுக்கும். சில யூபிஎஸ்ஸும் அந்த வகை எஸ்எம்பிஎஸ்ஸும் ஒத்துப்போகாமல் மாறும் நொடியில் சிஸ்டமே படுத்துவிடும். அடிப்படை தெரியாமல் ஆலோசனை சொல்வது ஆபத்து.

ஈபி_வந்தாச்சு:
என் வீட்டில் பிராண்ட் எஸ்எம்பிஎஸ்ஸும் சாதாரண யூபிஎஸ்ஸும் சேர்ந்துதான் ஓடுகின்றன. ஒருநாளும் படுத்ததில்லை.

சிலிக்கான்_சித்தர்:
உங்கள் வீட்டில் படுக்காதது ஆதாரம் ஆகாது. ஆடும்போது கரண்ட் போகட்டும், அப்போது பாருங்கள்.

ஈபி_வந்தாச்சு:
ஆடும்போதுதான் போகிறது ஐயா. எங்கள் ஊர் ஈபி நேரம் பார்த்தா எடுக்கிறார்கள்?

அரைடிக்கெட்:
நான் யூபிஎஸ்ஸே வைத்துக்கொள்ளவில்லை. வீட்டு இன்வெர்ட்டரின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டால் மாறுகிற நேரம் குறைந்துவிடும். சிஸ்டம் ஆஃப் ஆகாது.

தூசிதட்டி:
எல்லா இன்வெர்ட்டரிலும் அந்த சுவிட்ச் இல்லை. இருந்தாலும் அந்தப் பக்கம் தள்ளினால் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியதுமே பேட்டரிக்குத் தாவிவிடும். லோ வோல்டேஜ் ஊரில் பேட்டரி சீக்கிரம் போகும்.

கடைசி_பெஞ்ச்:
அந்தப் பையன் நாளைக்குள் கார்டைத் திருப்ப வேண்டுமா வேண்டாமா என்று கேட்டான். நீங்கள் இன்வெர்ட்டர் கடை திறந்துவிட்டீர்கள்.

கருப்பட்டி_காபி:
வால்பாறை அக்கா சொன்னபடி பார்த்தேன். நிற்கும்போது டிஸ்க் 100. மெமரி 7.6-இல் நிற்கிறது. ஸ்லாட் 2-இல் 1 என்று காட்டுகிறது. கார்டு 20, 30 சதவீதம்தான். என்ன வாங்கணும்? கையில் மூவாயிரம் மாதிரி இருக்கிறது.

அரைடிக்கெட்:
எல்லாவற்றையும் மொத்தமாக விற்றுவிட்டு ரைசன் 5 5600ஜி ப்ராசஸர் போட்டுப் புது சிஸ்டம் கட்டுங்கள். பழசில் எத்தனை ஒட்டுப் போட்டாலும் பழசுதான்.

கடைசி_பெஞ்ச்:
மூவாயிரத்தில் எங்கே புது சிஸ்டம் கட்டுவது? 2025 கடைசியிலிருந்து ராம் விலை என்ன ஆனது என்று பார்த்தீர்களா? ஏஐ டேட்டா சென்டர்காரர்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக ராம் தயாரிக்கும் மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. டிடிஆர்4 என்ற புது வகை ராம் கேட்கும் போர்டுக்கு மாறச் சொல்ல இதுவா நேரம்? இவருடையது பழைய வகை டிடிஆர்3, செகண்ட் ஹேண்டில் தேடினால் கிடைக்கும்.

வால்பாறை_மழை:
கார்டு வேலை செய்கிறது, வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காசு செலவில்லாதது: என்ஹான்ஸ்டை நீக்கிவிட்டுப் பழைய பதிப்பை இறக்குங்கள். அதற்கு அவர்கள் பரிந்துரைத்ததே ஐ5 3470, 8 ஜிபி ராம், 2 ஜிபி ஜிடிஎக்ஸ் 660. உங்கள் ப்ராசஸர் அதைவிட ஒரு தலைமுறை புதுசு. ஒரே குறை, ஆன்லைனில் உங்கள் நண்பர்கள் என்ஹான்ஸ்டில் இருந்தால் சேர்ந்து ஆட முடியாது. இறக்கியதும் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஃப்ரேமை நொடிக்கு 60-க்கு மேல் போகாமல் கட்டிப்போடுங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அதற்கு மேல் ஓட்டி என்ன லாபம்? நான்கு த்ரெட் ப்ராசஸருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கிராபிக்ஸ் அமைப்பில் மக்கள் அடர்த்தியையும் குறையுங்கள், அது பெரும்பாலும் ப்ராசஸர் தலையில் விழுகிற சுமை.

அப்புறம் ராம். இன்னொரு 8 ஜிபி டிடிஆர்3, 1600 வேகம், டெஸ்க்டாப்புக்கானது. லேப்டாப் ராம் குட்டையாக இருக்கும், ஸ்லாட்டில் நிற்காது. முக்கியமாக ஒன்று: ஆன்லைனில் ரொம்ப மலிவாக ஒரு 8 ஜிபி டிடிஆர்3 வரும், விவரத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஏஎம்டி போர்டுக்கு மட்டும் என்று இருக்கும். அதை உங்களுடையது போன்ற இன்டெல் போர்டில் போட்டால் சிஸ்டம் எழுந்தே வராது. முடிந்தால் கேபினெட்டையே கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்எஸ்டிக்குக் காசு மிஞ்சினால் சாட்டா கேபிளில் மாட்டும் 2.5 அங்குல வகை போதும். எச்81-இல் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3. வேகமானதில் மாட்டுங்கள். என்ஹான்ஸ்டு மட்டுமே 105 ஜிபி கேட்கும், பழைய பதிப்பும் லேசுப்பட்டதில்லை. 240 ஜிபியில் விண்டோஸும் ஜிடிஏவும் போனால் அவ்வளவுதான் இடம்.

ஜியான்_பிரியன்:
இதெல்லாம் முடிந்த பிறகும் திக்கினால் ஜியானை மறக்காதீர்கள்.

சிலிக்கான்_சித்தர்:
விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை. 4570-இல் 11 முறைப்படி ஏறாது. கடை பில்லும் பேங்க் வேலையும் அதே சிஸ்டத்தில் செய்வதாக இருந்தால் அதை முதலில் யோசிக்க வேண்டும். கேம் எல்லாம் பிறகு.

கடைசி_பெஞ்ச்:
மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய்ப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் வரும். இப்போதைக்கு அது போதும்.

கருப்பட்டி_காபி:
ராம் கிடைத்தது, கடையிலேயே மாட்டிப் பார்த்தேன். பழைய பதிப்பு ஓடுகிறது, உறைவது நின்றுவிட்டது. ரொம்ப வேகமாகப் போனால் மட்டும் எப்போதாவது ரோடு லேட்டாக வருகிறது. எஸ்எஸ்டி அடுத்த மாதம். நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி.

ஈபி_வந்தாச்சு:
எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று கடைசிவரை சொல்லவே இல்லையே?

தூசிதட்டி:
ராம் மாட்டக் கேபினெட்டைத் திறந்தீர்கள் அல்லவா, உள்ளே தூசி எப்படி இருந்தது?