வழைச்சா, பச்சை வாடையா?

மண்டபத்திலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். மெல்பர்னில் இருக்கும் என் தம்பி வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறான். அங்கே அதற்குத் தடை இல்லை. கூடச் சேரும் தமிழ் நண்பர்களுக்காகச் சுவை மதிப்பீட்டுத் தாள் ஒன்றைத் தமிழில் கேட்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு உண்டாகும். வேலை முடியுமுன்னே ஈஸ்டைப் பிரித்துவிட்டால் அது பியரிலேயே தங்கிவிடும். பச்சை ஆப்பிளை நறுக்கின மாதிரி மணக்கும். தம்பி கடைசியாகக் காய்ச்சியதில் அதுதான் குறை. அந்த முற்றாத தன்மைக்கு என்ன சொல்லலாம்?

சாயல்குடியிலிருந்து:
சொல் இருக்கிறது தம்பி: வழைச்சு. சங்கப் பாட்டான பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் கள் காய்ச்சும் செய்முறையே தந்திருக்கிறார். அரிசிக் களியை வாயகன்ற தட்டில் ஆற்றி, கறையான் புற்றிலிருக்கும் புற்றாஞ்சோறு போன்ற நெல்முளை அடையைப் பிசைந்து கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் ‘வழைச்சு அற விளைந்த’ நறும்பிழி, அதாவது இளமை நீங்க முற்றிய மணமுள்ள கள். பியருக்கு மால்ட் (முளைகட்டிய பார்லி) செய்யும் வேலையை இங்கே நெல்முளை செய்கிறது. ‘இல்லடு கள்’ என்று வீட்டில் காய்ச்சியதற்கும் அதே பாடலில் சொல் உண்டு. இதைவிட என்ன வேண்டும்?

தொண்டியிலிருந்து:
ஐயா, எங்கள் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொண்டி என்றால் கள் என்று அகராதியிலேயே இருக்கிறது. தோப்பி (நெல்லால் செய்த கள்), தொண்டி இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் கருத்து.

சாயல்குடியிலிருந்து:
சேரர் தொண்டி மேற்குக் கரையில் இருந்ததே, அதற்கும் கள்தான் காரணமா? ஓசை ஒத்துப்போவது வேராகாது.

பாம்பனிலிருந்து:
அண்ணே, வழைச்சு அழகான சொல்தான். ஆனால் கண்ணாடிக் குவளையை மூக்கருகே வைத்திருப்பவர் அகராதியைத் தேடுவாரா? ‘பச்சை வாடை போகக் கொதிக்கவிடு’ என்று எங்கள் வீட்டில் தினமும் சொல்கிறோம். தாளில் ‘பச்சை வாடை’ என்றே போடுங்கள். படித்தவுடன் புரியும்.

சாயல்குடியிலிருந்து:
புரியும், ஆனால் எது என்று புரியாது. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ அதிகமானால் புல் வாடை அடிக்கும். அதையும் பச்சை வாடை என்றுதான் எழுதுவார்கள். ஒன்றுக்கு மருந்து ஹாப்ஸைக் குறைப்பது, மற்றதற்கு ஈஸ்டோடு இன்னும் சில நாள் விட்டுவைப்பது. சொல் ஒன்றானால் காய்ச்சுகிறவன் தப்பான இடத்தில் கை வைப்பான். இங்கே பனையிலும் இப்படித்தான்: கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். நம் ஆட்கள் இரண்டையும் ஒரே பேரால் சொல்லவில்லையே.

பாம்பனிலிருந்து:
அப்படியானால் ‘பச்சை ஆப்பிள் வாடை’ என்று முழுசாகவே எழுதலாம். புல் வாடைக்குத் தனிக் கட்டம்.

தொண்டியிலிருந்து:
நானும் அதற்குத்தான். தோப்பி பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து:
சரி, வெள்ளி நெருங்கிவிட்டது. ‘பச்சை ஆப்பிள் வாடை’ என்றே அனுப்புகிறேன். ஐயா மனம் கோணக் கூடாது.

சாயல்குடியிலிருந்து:
கோணவில்லை. ஆனால் அது வாடையின் பெயர், நிலையின் பெயர் அல்ல. வாடை தெரியாமலும் பியர் முற்றாமல் இருக்கலாம்; அதற்கு உங்கள் தாளில் கட்டமே இல்லை. என் வாக்கு வழைச்சுக்கே.