செர்தியூக்கோவ்: படையைச் சீர்திருத்தியவரா, படையின் சொத்தை விற்றவரா?

வடகாற்று எழுதியது:

ருஷ்யப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஊழலைப் பற்றிப் பேச்செடுத்தாலே அனடோலி செர்தியூக்கோவின் பெயரை முதலில் சொல்லிவிட்டு, 2007 பிப்ரவரி முதல் 2012 நவம்பர் வரை அவர் அதன் அமைச்சராக இருந்து செய்த வேலையை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். லெனின்கிராடில் வணிகக் கல்வி கற்று, அறைகலன் வியாபாரத்தில் பல ஆண்டுகள் இருந்து, பிறகு வரித்துறைக்கு வந்து, 2004இல் அதன் தலைவராகவும் ஆன ஒருவரைப் புதின் படைத்துறைக்கு அமைச்சராக்கியபோது தளபதிகள் நாற்காலி விற்றவர் என்று ஏளனம் செய்தார்கள். ஆனால் 2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவுடன் நடந்த ஐந்து நாள் போரில் வென்ற படையே தன் தகவல்தொடர்புக் கருவிகள் வேலை செய்யாததையும், தன் விமானங்களையே தன் ஆட்கள் அடையாளம் காணாமல் சுட்டதையும் கண்டது. அதற்குப் பிறகு முப்படைத் தலைமைத் தளபதி நிக்கலாய் மகாரோவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய சீர்திருத்தம்தான் சோவியத் படையை உண்மையில் கலைத்தது. 3,55,000 அதிகாரி இடங்களை 1,50,000 ஆக்குவது, தரைப்படையின் 1,890 பிரிவுகளை 172 ஆகச் சுருக்குவது, பெரிய டிவிஷன்களைக் கலைத்துச் சிறிய பிரிகேடுகள் அமைப்பது, ஆறு இராணுவ மாவட்டங்களை நான்காக்குவது என்று எண்களே அதன் அளவைச் சொல்கின்றன. இத்தனை பேரின் பிழைப்பில் கைவைத்தவர் விழுந்தது அதற்காகத்தான் என்பதும், ஊழல் வழக்கு அவரை வீழ்த்தக் கிடைத்த கருவி என்பதும் என் கருத்து.

தணிக்கையாளன் எழுதியது:

நண்பர் வடகாற்று சொல்லும் எண்களை நான் மறுக்கவில்லை. அவர் சொல்லாமல் விட்ட எண்களைச் சேர்க்கிறேன். படைக்குத் தேவையற்ற நிலங்களையும் கட்டடங்களையும் நிறுவனங்களையும் கையாள 2008இல் ஓபரோன்செர்விஸ் என்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. 2012 அக்டோபர் 25 அன்று புலனாய்வாளர்கள் அங்கே நுழைந்தபோது, சொத்துகள் சந்தை விலையைவிட மிகக் குறைவாக விற்கப்பட்டதால் 300 கோடி ரூபிளுக்கு மேல் இழப்பு என்று தொடக்கத்திலேயே மதிப்பிட்டார்கள். அமைச்சகத்தின் சொத்துத் துறைத் தலைவராக இருந்த யெவ்கேனியா வசிலியேவா அந்த வழக்கின் மையமானார். அமைச்சர் மீது அந்த வழக்கில் குற்றச்சாட்டே இல்லை, அவர் சாட்சி. அவர் மீது பதிவான ஒரே வழக்கு, அஸ்திரகான் பகுதியில் உறவினர் ஒருவரின் ஓய்வில்லத்துக்குப் படைவீரர்களைக் கொண்டு சாலை போடச் செய்ததால் 5.6 கோடி ரூபிள் இழப்பு என்பதுதான், அதுவும் கடமையில் அசட்டை என்ற மென்மையான பிரிவில். 2013 டிசம்பரில் அரசியல் சாசனத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி அறிவிக்கப்பட்ட பொதுமன்னிப்பில் அதுவும் 2014இல் முடிந்தது. சீர்திருத்தத்துக்காகப் பழிவாங்கப்பட்டவர் என்றால், பழிவாங்கியவர்கள் இவ்வளவு கருணை காட்டியது எப்படி?

ஆழிமகள் எழுதியது:

இருவரும் ஒரு விஷயத்தைத் தொடவில்லை. செர்தியூக்கோவின் மாமனார் விக்தோர் சுப்கோவ். அவர் 2007 செப்டம்பரில் பிரதமரானபோது, உறவைக் காரணம் காட்டி இவர் பதவி விலக முன்வந்தார், புதின் ஏற்கவில்லை. 2012இல் வசிலியேவாவின் வீட்டில் அதிகாலைச் சோதனை நடந்தபோது அமைச்சரும் அங்கே இருந்தார் என்று ருஷ்ய ஊடகங்கள் எழுதின. அந்தச் செய்தி வந்த பிறகு சுப்கோவ் குடும்பத்தின் நிழல் அவருக்கு இருந்திருக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கொள்கைக்காக வீழ்ந்தார் என்பதும் களவுக்காக வீழ்ந்தார் என்பதும் அந்த அரசமைப்பைச் சற்று அதிகமாக மதிப்பதாகவே எனக்குப் படுகிறது. மாமனாரின் பாதுகாப்பு விலகியபோது விழுந்தார், அவ்வளவுதான்.

வடகாற்று எழுதியது:

அம்மணி ஆழிமகள் சொல்வது நேரத்தை விளக்குகிறது, பகையை விளக்கவில்லை. மாமனாரின் ஆதரவு முழுமையாக இருந்த காலத்திலேயே பகை இருந்தது. 2010இல் ரியாசான் அருகே வான்குடைப் படைப் பள்ளி ஒன்றின் பயிற்சித் தளத்தில் அவர் கர்னல் ஒருவரைத் தரக்குறைவாகப் பேசினார் என்ற செய்தி பரவியதும், அந்த ஆண்டு நவம்பரில் மாஸ்கோவில் முன்னாள் வான்குடை வீரர்கள் திரண்டு அவர் பதவி விலக வேண்டும் என்று முழங்கினார்கள். உள்நாட்டு ஆயுத உற்பத்தியாளர்களும் அவரை வெறுத்தார்கள். அவர்கள் கேட்ட விலைக்கு அவர்கள் கொடுத்த தரத்தில் வாங்க மறுத்து, பிரான்சிடமிருந்து 120 கோடி யூரோவுக்கு இரண்டு மிஸ்த்ரால் வகை ஹெலிகாப்டர் தாங்கிப் போர்க்கப்பல்களுக்கு 2011இல் ஒப்பந்தம் போட்டவர் அவர். (2014இல் ருஷ்யா உக்ரைனின் கிரிமியாவைக் கைப்பற்றிய பிறகு பிரான்ஸ் அவற்றைக் கொடுக்காமல் எகிப்துக்கு விற்றது வேறு கதை.) அதே கிரிமியாவில் 2014இல் உலகம் வியந்து பார்த்த ஒழுங்கான, நல்ல உடையும் கருவியும் தரித்த படைவீரர்கள் பதினைந்து மாதத்தில் முளைத்தவர்கள் அல்லர்.

தணிக்கையாளன் எழுதியது:

கிரிமியாவை அவர் கணக்கில் வரவு வைத்தால் 2022இல் தொடங்கிய உக்ரைன் போரைப் பற்று வைக்க வேண்டும். பழைய அமைப்பில் அதிகாரிகள் மட்டுமே இருந்து போர்க்காலத்தில் ஆட்களால் நிரப்பப்படும் பிரிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை வீண் என்று அவர் ஒழித்தார். ஆள்சேர்ப்பு அலுவலகங்களையும் சுருக்கினார். அதிகாரிகளுக்கும் சாதாரண வீரர்களுக்கும் இடையே படையின் நடுத்தூணாக இருந்த வாரண்ட் அதிகாரிப் பதவியையே நீக்கினார். 2022 செப்டம்பரில் 3,00,000 பேரைத் திரட்ட ஆணை வந்தபோது அவர்களைப் பெற்றுப் பயிற்றுவிக்க அதிகாரிகளோ பிரிவுகளோ போதவில்லை. பெரும்படை வேண்டாம், சிறிய போருக்குப் போதுமான படை போதும் என்று முடிவெடுத்தவர் யார்? அந்த முடிவே 1,50,000 என்ற இலக்கில் நிற்க முடியாமல் 2011இலேயே அதிகாரிகளின் எண்ணிக்கையை 70,000 கூட்ட நேர்ந்ததே, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வடகாற்று எழுதியது:

2011இல் திருத்திக்கொண்டதை நான் அவருக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்வேன். 2012 ஜனவரியில் அதிகாரிகளின் ஊதியம் ஏறத்தாழ மூன்று மடங்கானதையும் சேர்த்துப் பாருங்கள்; எண்ணிக்கையைக் குறைத்து மிஞ்சியவர்களுக்கு நல்ல ஊதியம் என்பதுதான் திட்டம். பிறகு வந்த செர்கெய் ஷோய்குவுக்குப் பத்து ஆண்டுகள் இருந்தன, பணமும் இருந்தது. அவர் கலைக்கப்பட்டிருந்த தமான், கந்தெமிரோவ் டிவிஷன்களை மீட்டார், வாரண்ட் அதிகாரிகளைத் திரும்ப அழைத்தார், டாங்கிப் போட்டிகள் நடத்தினார், 2020இல் படைக்கென்று மாபெரும் தேவாலயம் ஒன்றையும் திறந்தார். நிரப்பப்படாத பிரிவுகளோடு உக்ரைனுக்குள் நுழைய ஆணையிட்டபோது அமைச்சராக இருந்தவர் ஷோய்கு. பத்து ஆண்டுக்குப் பிந்திய தோல்வியை முன்னவர் தலையில் வைப்பது எளிது, நியாயமில்லை.

ஆழிமகள் எழுதியது:

ஷோய்குவை இழுத்ததால் கேட்கிறேன். அவருடைய துணை அமைச்சர் தீமூர் இவானோவ் 2024 ஏப்ரலில் கைதாகி, 2025 ஜூலையில் பணக் கையாடலுக்காக 13 ஆண்டுத் தண்டனை பெற்றார். ஷோய்குவோ 2024 மே மாதம் பாதுகாப்பு மன்றச் செயலர் பதவிக்கு நகர்த்தப்பட்டார். அடுத்த மாதம் உக்ரைன் மின்கட்டமைப்பு மீதான தாக்குதல்களுக்காகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் அவருக்கும் முப்படைத் தலைமைத் தளபதி கெராசிமோவுக்கும் பிடியாணை பிறப்பித்தது. கீழே இருப்பவர் சிறைக்கும் மேலே இருப்பவர் வேறு பதவிக்கும் போவதில் 2012க்கும் 2024க்கும் வேறுபாடு எங்கே?

தணிக்கையாளன் எழுதியது:

வேறுபாடு தண்டனையின் அளவில் இருக்கிறது, அது சிறியதன்று. வசிலியேவாவுக்கு 2015 மே மாதம் ஐந்தாண்டு விதித்தார்கள்; வீட்டுக்காவலில் கழித்த காலத்தைக் கழித்து, அந்த ஆகஸ்டிலேயே வெளியே விட்டார்கள். அதே ஆண்டு செர்தியூக்கோவுக்கு அரசு நிறுவனமான ரோஸ்டெக்கில் விமானத் தொழில் பிரிவின் பொறுப்பு கிடைத்தது. பெரும் போர் நடக்காத ஆண்டுகளில் மன்னிப்பு மலிவாகக் கிடைத்தது. போர் நடக்கும்போது அதே குற்றத்துக்கு 13 ஆண்டு. ஆகவே செர்தியூக்கோவைத் தியாகியாக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறேன்.

வடகாற்று எழுதியது:

தியாகி என்ற சொல்லை நான் எங்கும் எழுதவில்லை. ஷோய்குவுக்குப் பதிலாகப் புதின் அமர்த்தியவர் ஆந்திரேய் பெலவூசவ், படைச்சேவை அனுபவம் இல்லாத பொருளாதார வல்லுநர், செலவுக் கணக்கைக் கேட்பதற்காகவே அனுப்பப்பட்டவர். தளபதிகள் தங்கள் கணக்கைத் தாங்களே பார்க்க முடியாது என்ற 2007ஆம் ஆண்டு முடிவுக்கே மாஸ்கோ திரும்பியிருக்கிறது. சீர்திருத்தம் முழுவதும் தவறாக இருந்திருந்தால் அந்த முடிவை மறுபடி எடுத்தது ஏன் என்பதற்குத் தணிக்கையாளன் விடை சொல்லட்டும். சொத்து விற்பனையைப் பற்றிய அவருடைய குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை.