புதுப்பிப்பு: சூடானதும் இறங்கிவிடும் டிராக்டர் லிப்ட், வாரண்டியிலேயே சரியானது

போன மாதம் கேட்டிருந்தேன்: ரோட்டவேட்டரைத் (பின்னால் மாட்டும், மண்ணைக் கிளறும் கருவி) தூக்கினால் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு லிப்ட் (ஆயில் அழுத்தத்தால் கருவியைத் தூக்கிப் பிடிப்பது) ஒரே உயரத்தில் நிற்காமல் இறங்கி ஏறித் தலையாட்டுகிறது, டீலர் "பம்ப் போச்சு, வாரண்டியில வராது" என்கிறார் என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சூடாக இருக்கும்போதே லிப்டைத் தூக்கி, இன்ஜினை நிறுத்திப் பார்க்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான் வழிகாட்டியது. இரண்டே நிமிடத்தில் ரோட்டவேட்டர் தரையில். ஆயிலைத் தள்ளித் தூக்குவது பம்ப், அந்தத் தூக்கும் வேகம் குறையவில்லை. அதனால் பம்ப் மேல் சந்தேகமில்லை, தூக்கியதைத் தாங்கும் சிலிண்டர் பக்கம்தான் கசிவு. அதை வீடியோ எடுத்துக் காட்டினேன்.

அப்போதும் மறுத்தார்கள். மறுக்கும் காரணத்தை ஜாப் கார்டில் (சர்வீஸ் வேலைச் சீட்டு) எழுதிக் கேட்டேன் (இதுவும் இங்கே ஒருவர் சொன்னதே), இல்லாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன் என்றேன். மறுநாளே கம்பெனி சர்வீஸ் ஆள் வந்தார். சர்வீஸ் புத்தகத்தில் எல்லா முத்திரையும் இருந்தது பெரிய பலம்.

பிரித்ததில் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனின் ஓ-ரிங் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கிழிந்திருந்தது. மாற்றினார்கள், பாகம், கூலி இரண்டும் இலவசம்.

எதிர்பாராதது, ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தது. கியர் லீவர் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்து, வண்டி கழுவும்போது தண்ணீர் இறங்கியிருக்கிறது. என் வண்டியில் கியருக்கும் லிப்டுக்கும் ஒரே ஆயில்தான். அந்த ஆயிலுக்கும் உறைக்கும் பணம் நானே கட்டினேன், அது நியாயம்தான்.

நேற்று நாற்றங்காலுக்குச் சேறடித்தேன். நாலு மணி நேரம், லிப்ட் அசையவில்லை.