வெளிநாட்டுக் காசு நின்றபின் சபை எப்படி நிற்கும்? வன்னியிலிருந்து அனுபவப் பகிர்வு

கிளிநொச்சி, சேகரப் பொருளாளர்:

மாதாமாதம் வந்த காசு இனி வராது என்று கடிதம் வந்ததும் சபைக் கூட்டங்களில் எழும் முதல் கேள்வி, "வேறை ஆரிட்டைக் கேக்கலாம்?" என்பதுதான். இந்தச் செலவை இந்த ஊர் எப்போதாவது தாங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. பரந்தன், தருமபுரம், அக்கராயன் பக்கத்தில் 30 குடும்பமுள்ள ஒரு சபையை வைத்துக் கணக்குப் போடுகிறேன். உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

போதகர் சம்பளம் 45,000. மோட்டார் சைக்கிள் மாதம் 800 கிலோமீற்றர் ஓடினால், லீற்றருக்கு 50 கிலோமீற்றர்படி 16 லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 என்றால் 4,800. மின்சாரம் 2,500. நற்கருணைச் சாமான், மெழுகுதிரி 1,000. கட்டடத் திருத்தத்துக்கு 4,000. மொத்தம் 57,300. தலைமைச் சபைக்குப் பத்தில் ஒன்று, 5,700 போனால் 63,000.

வரவுக்கு வருவோம். அரச சம்பளக்காரக் குடும்பம் ஐந்து, தலா 4,000 என்றால் 20,000. கமக்காரக் குடும்பம் 15. காலபோகத்தில் (மாரிகால வெள்ளாமையில்) தலா 100 கிலோ நெல், கிலோ 110 ரூபாப்படி வருடத்துக்கு 165,000, மாதத்துக்குப் பிரித்தால் 13,750. கூலிவேலைக் குடும்பமும் பெண் தலைமைக் குடும்பமும் பத்து. ஞாயிறு காணிக்கை மாதம் 500 வீதம் 5,000. முப்பது வீட்டுப் பிடியரிசி (சமைக்கும்போது ஒதுக்கும் ஒரு பிடி அரிசி) மாதம் 45 கிலோ, கிலோ 220 என்றால் 9,900. கூட்டிப் பார்த்தால் 48,650. துண்டு விழுவது 14,350.

இந்த 14,350 ஐ இன்னும் உருக்கமான பிரசங்கத்தால் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்க முடியாது. ஒரு ஊருக்கு ஒரு முழுநேரப் போதகர் என்ற ஏற்பாடே வெளிக்காசை நம்பி வந்தது. இரண்டு ஊர் ஒரு போதகரைப் பகிர்ந்தால் சம்பளப் பங்கு 22,500, பெற்றோல் கூடி மொத்தம் 6,000 ஆனாலும் பாதி 3,000, மற்றவை அப்படியே. பத்தில் ஒன்றையும் சேர்த்தால் ஒரு சபைக்கு 36,300. அதே வரவில் மாதம் 12,350 மிஞ்சும். மிஞ்சுவதில் முதல் வேலை, போதகரின் முதுமைக்கு ஒதுக்குவது. வேலைகொள்வோர் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறார்கள். அதே 15 வீதத்தை அளவாக வைத்தால் இரண்டு சபையும் சேர்ந்து மாதம் 6,750, ஒரு சபைக்கு 3,375.

இரண்டு ஊருக்கும் இடையே தூரம் 12 கிலோமீற்றருக்குள் இருந்தால் காலை ஏழரைக்கு ஒரு ஆராதனை, பத்து மணிக்கு மற்றது. அதற்கு மேல் என்றால் மாரியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடும் நாட்களுக்கு, ஆராதனை நடத்தத் தெரிந்த இரண்டு சபையாரையாவது முதலே பழக்கிவைக்க வேண்டும்.

முழங்காவில், கமக்காரர்:

பொருளாளர் ஐயா 100 கிலோ நெல் என்று ஒரு வரியில் எழுதிவிட்டார். சண்டை வருவது அந்த வரியில்தான்.

முதலாவது, மூடைக் கணக்கு எழுதாதீர்கள். சாக்குக்குச் சாக்கு நிறை வேறு. 65 கிலோவும் மூடை, 70 கிலோவும் மூடை. தராசில் வைத்துக் கிலோவில் எழுதி, கையோடு பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, ஈரம். வெட்டு மெசினில் இருந்து நேரே வரும் நெல்லில் 20 வீத ஈரம் சாதாரணம். வைத்திருந்து விற்பதென்றால் 14 வீதத்துக்குக் காய வேண்டும். 1,500 கிலோ ஈரநெல் அந்த அளவுக்குக் காய்ந்தால் 1,395 கிலோதான் நிற்கும். ஒருவரும் தொடாமலே 105 கிலோ குறையும். பெப்ரவரியில் 1,500 என்று பலகையில் எழுதி, ஓகஸ்டில் 1,390 விற்றதாகக் கணக்குக் காட்டினால் பொருளாளருக்குக் கள்ளப் பட்டம் நிச்சயம். ஆகவே பதிவில் இரண்டு நிரை வேண்டும்: வாங்கிய நிறை, காய்ந்த நிறை. காயவைத்த அன்று இரண்டாவது தடவை நிறுத்து, இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் பேச்சுக்கு இடமில்லை. ஈரமானி இல்லாவிட்டால் நெல் வியாபாரியிடம் இருக்கும். ஒரு கைப்பிடி கொண்டுபோய்ப் பார்க்கலாம்.

மூன்றாவது, விற்கும் காலம். பெப்ரவரி, மார்ச்சில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பதால் விலை விழும். சபைக்குக் கடன் இல்லையென்றால் பாதியை மட்டும் அப்போது விற்று, மீதியை வைத்திருப்பது நல்லது. நிலத்தில் இருந்து அரை அடி உயர மரத்தட்டு, சுவரில் இருந்து ஒரு முழ இடைவெளி. சுவரோடு சாய்த்த சாக்கு மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். எலிக்குத் தனியாகப் பாதுகாப்பு வேண்டும். ஆலயத்துக்குள் அடுக்கவே வேண்டாம். எலியோடு பாம்பும் வரும்.

சிறுபோகத்தை (கோடை வெள்ளாமையை) வரவில் சேர்க்காதீர்கள். இரணைமடுக் குளத்தின் கீழும் தண்ணீர் அளவைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிப்பார்கள். மானாவாரிக்காரருக்குச் சிறுபோகமே இல்லை. வந்தால் சேமிப்பில் போடுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டார் காசுக் குறைப்பைப் பெரும்பாலும் ஜனவரியில் தொடங்குவார்கள், அது அவர்களுடைய கணக்கு வருடம். இங்கே ஜனவரி என்பது பசளைக் கடனும் அடகு நகையும் கழுத்தைப் பிடிக்கும் மாதம். நெல் விற்று, நகை மீட்டு, கையில் காசு மிஞ்சுவது மார்ச் கடைசியில். "குறைப்பதை ஏப்ரலில் இருந்து குறையுங்கள்" என்று கடிதத்தில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஒருவரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

விசுவமடு, மாதர் சங்கம்:

பிடியரிசி என்றால் சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனிப் பேணியில் போடுவது. ஒரு பிடி ஏறக்குறைய 50 கிராம்; மாதம் ஒன்றரைக் கிலோ. மிசோரம் சபைகள் 1910 இல் தொடங்கி இன்றும் இதைப் பெரிய அளவில் செய்கின்றன. இங்கே இது மூன்றாம் மாதம் படுத்துவிடுவதற்குக் காரணம் பக்திக் குறைவு இல்லை, அரிசிக் கலப்பு. ஒரு வீட்டில் நாடு, ஒரு வீட்டில் சம்பா, ஒரு வீட்டில் சிவப்புப் பச்சை. எல்லாம் ஒரே வாளியில் கொட்டினால் ஒன்று குழைய மற்றது வேகாது. கடைக்காரரும் எடுக்க மாட்டார். மூன்று வாளி வையுங்கள்: வெள்ளைப் புழுங்கல், சிவப்பு, பச்சை. கிழமைக்கு ஒரு தடவை சேர்த்து அன்றே நிறுத்து விற்றுவிட வேண்டும். மாதக்கணக்கில் வைத்தால் வண்டு. 15 கிலோவைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்து, அதன் பெறுமதியைச் சம்பளக் கணக்கில் எழுதினால் விற்கும் வேலையும் குறையும்.

ஏழை வீட்டுக்கு இந்த முறை பொருந்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாது. நுண்கடன் தவணைக்காரர் கிழமைதோறும் வாசலுக்கு வரும் வீடுகள் எங்கள் சபைகளில் இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்ணிடம் காணிக்கை உறையைப் பெயர் சொல்லி வாங்குவதும், உறைப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதும் அவரை ஆலயத்துக்கு வராமல் செய்யும். மொத்தத் தொகையை ஒட்டுங்கள், பெயர்களை ஒட்டாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் ஒரு வீடு ஒன்றும் போடவில்லையென்றால் மாதர் சங்கத்தில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு இல்லை, கொடுப்பதற்கு.

அடுத்த வளவுச் சபை உலருணவுப் பொதி கொடுக்கும்போது சிலர் அங்கே போவார்கள். போட்டிக்குப் பொதி கட்டாதீர்கள். பொதிக் காசு நின்றதும் பாதிப்பேர் திரும்பி வருவார்கள். அப்போது பழி சொல்லாமல் ஏற்றுக்கொள்வதுதான் கடினம்.

வவுனியா, ஓய்வுபெற்ற குருவானவர்:

இது புதுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். சபை தன் காசில் நின்று, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவ வேண்டும் என்பதை 19 ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துச் சபை மிசனின் செயலாளர் ஹென்றி வென், அமெரிக்க மிசனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் இருவரும் எழுதினார்கள். அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்துபோன பிறகுதான் 1823 இல் தொடங்கிய அந்த மிசனின் வட்டுக்கோட்டை செமினரி 1855 இல் மூடப்பட்டது. செலவு கூடிய ஆங்கிலப் படிப்பை விட்டு, ஊர் தாங்கக்கூடிய தமிழ்ப் போதகர்களோடு சின்னச் சபைகள் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரி, ஆனால் ஊராரைக் கேட்டுப் போட்ட கணக்கு இல்லை. ஊரார் முன்னின்று 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததை வைத்துப் பார்த்தால், மக்கள் தங்களுக்கு வேண்டும் என்று நினைப்பதற்குத்தான் காசு போடுவார்கள்.

1890 இல் மிசனரி ஜோன் நீவியஸ் சீனாவில் இருந்து கொரியாவுக்குப் போய் அங்கிருந்த மிசனரிமாருக்குச் சொன்னது இன்னும் நடைமுறையானது: விசுவாசியை அவன் தொழிலில் இருந்து பிடுங்கிச் சம்பள ஊழியனாக்காதே, ஊர்ச் சபை தாங்குகிற வேலையை மட்டும் தொடங்கு, ஆலயத்தை ஊரார் தங்கள் காசில், ஊர் வீட்டுப் பாணியில் கட்டட்டும். கொரியாவில் காசில்லாதவர்கள் நாட்களைக் காணிக்கையாகக் கொடுத்தார்கள், மாதத்தில் இத்தனை நாள் ஊழியத்துக்கு என்று. வன்னியில் சிரமதானம் தெரியாத ஆள் இல்லை. வேலி அடைப்பு, கூரைத் திருத்தம், கிணறு இறைப்பு மூன்றையும் நாள் காணிக்கையாக எழுதினால், மேலே சொன்ன 4,000 இல் பாதி மிஞ்சும்.

வடக்குக்குச் சொந்தமான ஒரு செய்தியும் உண்டு. 1902 இல் யாழ்ப்பாணம் வந்த தென்னிந்தியக் கிறிஸ்தவ ஊழியர் வே. ச. அசரியா, இங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தமிழ்நாட்டுத் தொண்டிப் பக்கத்துக்கு ஊழியர் அனுப்புவதைக் கண்டார். அடுத்த வருடம், 1903 இல், அவரும் சேர்ந்து திருநெல்வேலியில் இந்திய மிசனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிக்காசு இல்லாமல் செய்யலாம் என்று தென்னிந்தியாவுக்குக் காட்டிய இடம் நம்முடையது.

மல்லாவி, சபைச் செயலாளர்:

காணி பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் "சபைக்கு ரெண்டு ஏக்கர் வயல் எழுதித் தந்திட்டார்" என்ற நம்பிக்கையில் வரவுத் திட்டம் போடுகிறார்கள். குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரக் காணி. அதை உரிமையாளர் நினைத்தபடி விற்கவோ, குத்தகைக்கு விடவோ, சபைக்கு எழுதவோ முடியாது. பிரதேச செயலக அனுமதி வேண்டும். அவர் இறந்தால் காணி பெயர் குறித்த பின்னுரித்தாளிக்குப் போகும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரையில் கையெழுத்து வைத்தது ஒன்றுக்கும் உதவாது. ஆலயமே அப்படிக் காணியில் நின்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே காணி உத்தியோகத்தரிடம் போய் முறைப்படி கேளுங்கள். பிள்ளைகள் காலத்தில் கேட்பது வேறு கதை.

வருமானத் திட்டங்களில் ஓட்டோ, கோழிக்கூடு, மாவரைக்கும் மில் மூன்றும் பெரும்பாலும் நட்டத்தில் முடிகின்றன. ஓட்டோ ஓடுபவருக்கு அது தன்னுடையது இல்லை. தேய்மானத்துக்கு ஒருவரும் காசு ஒதுக்குவதில்லை. தயர் போன அன்று சபைக் காசு கரையும். போதகர் முதலாளியாகிவிடுவார், அது காசை விடப் பெரிய நட்டம். தென்னை வைப்பதென்றால் குரங்கு குரும்பையைப் பிடுங்காத இடமா, யானை வராத இடமா என்று முதலில் பாருங்கள்.

ஓரளவு நிற்பது கதிரை வாடகை. 100 பிளாஸ்ரிக் கதிரை, இரண்டு தறப்பாள். வாடகையில் மூன்றில் ஒன்றைப் புதுக் கதிரைக்கென்று வேறாக வையுங்கள். உடைந்த கதிரைக்கு முழு விலை என்று முன்னமே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெயிலில் அடுக்கினால் கால் வெடிக்கும். செத்தவீட்டுக்கு வாடகை வாங்காதீர்கள், ஊர் மன்னிக்காது.

புதுக்குடியிருப்பு, ஆலயக் கட்டடக் குழு:

புலம்பெயர்ந்த எங்கள் சனத்தின் காசும் வெளிநாட்டுக் காசா என்று கேட்பீர்கள். கொடுப்பவர் யார் என்பதைவிட, அந்தக் காசு எதற்குப் போகிறது என்பதுதான் விஷயம். கனடாவில் இருக்கும் ஊர்க்காரர் மாதச் சம்பளம் அனுப்பினாலும் நடப்பது ஒன்றுதான்: "பாஸ்ரருக்குத்தான் வெளியில இருந்து வருதே" என்று ஊர் கையை மடக்கும்.

டொலரை நம்பிய பட்ஜெட் எப்படி ஆடும் என்பதை 2022 காட்டியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஆனது. 100 டொலர் 20,000 இல் இருந்து 36,000. கூடின காசைச் சேமிப்பில் போட்ட சபைகள் பிழைத்தன. அதை வைத்து இரண்டாவது ஊழியரை எடுத்த சபைகள் டொலர் 300 ஐ நோக்கி இறங்கியதும் திண்டாடின.

கட்டடத்துக்கு வரும் காசில்தான் பெரிய பொறி. ஒரு கோடி ரூபாவில் மாபிள் பதித்து, அலுமினிய யன்னல் போட்டுக் கட்டினால், திருத்தத்துக்கு வருடம் 2 வீதம் என்று குறைத்து வைத்தாலும் 200,000. மாதம் 16,600 க்கு மேல். மேலே 4,000 தானே ஒதுக்கியிருக்கிறது? மூன்றில் ஒரு பங்கை ஊர் காசாகவோ நாளாகவோ போட்ட பிறகே வெளிக்காசைத் தொடுவது என்று சபைக் கூட்டத்தில் தீர்மானம் எழுதுங்கள். ஊர் மூன்றில் ஒன்றைப் போட முடியாத அளவு கட்டடம், ஊருக்குப் பெரிய கட்டடம்.

கிளிநொச்சி, சேகரப் பொருளாளர்:

குறைப்பு ஒழுங்கு பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: ஐந்து வருடத்தில் வருடம் 20 வீதம் என்பது வழக்கமான ஒப்பந்தம். நான் சொல்வது, போதகர் சம்பளத்தை முதலில் ஊர் பொறுப்பெடுக்கட்டும். மின்சாரமும் கூரையும் கடைசிவரை வெளிக்காசில் இருந்தாலும் பரவாயில்லை. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், சின்னச் செலவு சுகம் என்று. கரண்ட் பில்லை மட்டும் கட்டும் சபை போதகரைத் தன்னுடையவர் என்று நினைக்காது. போதகரும் மாத அறிக்கையை ஊருக்கு வாசிக்காமல் வெளிநாட்டுக்குப் படத்தோடு அனுப்பிக்கொண்டே இருப்பார்.

காசை எண்ணுவது ஆராதனை முடிந்த கையோடு, ஆலயத்துக்குள்ளேயே, உறவில்லாத இரண்டு பேர். காசேட்டில் அப்போதே கையெழுத்து. அடிக்கட்டை உள்ள பற்றுச்சீட்டுப் புத்தகம், தொடர் இலக்கத்தோடு. வங்கிக் கணக்கில் மூன்று பேரில் இருவர் கையெழுத்து. போதகர் அந்த மூவரில் இருக்கக் கூடாது. திங்கட்கிழமை வங்கியில் போடும்வரை காசு யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் காசேட்டில் எழுதுங்கள். எழுதாத அந்த ஒரு இரவைப் பற்றித்தான் பிறகு ஊர் கதைக்கும்.